குணமானவருக்கு ஒரு ஸ்கேன்

நீங்களே சொல்லுங்கள், நோய் போய்விட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியே சீல் வைத்துக் கொடுத்த மனுசனை ரெண்டரை வருசம் கழித்து மறுபடியும் வரச்சொல்லி, ராத்திரியிலிருந்து பட்டினி போட்டு, ஸ்கேன் ரூம் வாசலில் உட்கார வைத்தால் கூட வந்த பொண்டாட்டிக்குக் கோபம் வருமா வராதா? மாரிச்செல்விக்கு வந்தது. முதலில் பெஞ்சு மேல் வந்தது. நடுச்சட்டம் ஒடிந்துபோய், உட்கார்ந்தவர்களை எல்லாம் இரண்டு ஓரத்துக்கும் நெருக்கித் தள்ளுகிற பெஞ்சு. அப்புறம் மேலே சுற்றுகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டிருந்த ஃபேன் மேல். அப்புறம் டோக்கன் கூப்பிடுகிற அக்கா மேல். இருபத்தொன்பது என்று கூப்பிட்டுவிட்டு உள்ளே போனவள் முப்பதைக் கூப்பிட மனசே இல்லாமல் இருக்கிறாள், இவர்கள் டோக்கனோ முப்பத்தாறு. ஆனால் எல்லாக் கோபமும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்துகொண்டிருந்த சொரிமுத்து மேல்தான் வந்து விழுந்தது. கட்டின புருசன், கல்யாணச் சமையல் மாஸ்டர், ஆயிரம் இலைக்கு ஒற்றை ஆளாய் நின்று சாம்பார் கூட்டுகிற கை. கீழே கேண்டீனில் கொதிக்கிற சாம்பார் மாடிப்படி ஏறி வந்து மூக்கில் நுழைந்ததும், “பெருங்காயம் பத்தாதுட்டி. புளியும் பழைய புளி,” என்றார். வயிற்றுக்குள்ளே என்ன இருக்கிறதோ என்று பார்க்க வந்த இடத்தில் பேசுகிற பேச்சா இது. “வாய் கொப்புளிச்சிட்டு வாரேன்,” என்று எழுந்து போனவர் கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது மாரிச்செல்வி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, அத்தனை பேர் முன்னாலும் வாயை மோந்து பார்த்தாள். “டீ குடிச்சியளா?” “இல்லட்டி.” “வடை?” “ஏட்டி, பச்சத்தண்ணிதான். என்ன நீ, போலீஸ்காரன் ஊதச் சொல்லுத மாதிரி.” எதிர்ப் பெஞ்சில் மருமகளைக் கூட்டி வந்திருந்த ஒரு பெரியம்மா சிரித்தது. சிரித்ததோடு விட்டிருக்கலாம். “என்னம்மா, லிவரா? ரொம்பக் குடிப்பாரோ?” என்று கேட்டது. இந்தக் கேள்விக்கு மட்டும் ஆளுக்கு ஒரு ரூபாய் வாங்கியிருந்தால் மாரிச்செல்வி இந்நேரம் சொந்தமாய் ஒரு ஸ்கேன் மிஷின் வாங்கி வீட்டு முற்றத்தில் போட்டிருப்பாள். “எங்க வீட்டுக்காரர் ரசத்தத் தவிர வேற எதையும் ருசி பாத்தது கெடையாது,” என்றாள். பெரியம்மா நம்பவில்லை. யாரும் நம்புவதில்லை. லிவர் என்றால் குடி, குடி என்றால் பொண்டாட்டி சரியில்லை, அவ்வளவுதான் ஊர்க்கணக்கு.

குடியில்லை, ரத்தம். பதினேழு வயதில் பஸ் கவிழ்ந்து தொடை கிழிந்து கிடந்தவருக்கு ரெண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், அதில் எதிலோ இந்தக் கிருமி இருந்திருக்கிறது, அந்தக் காலத்தில் அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஹெப்படைட்டிஸ் சி. பேரைச் சொல்லவே அவளுக்கு ஒரு மாசம் பிடித்தது. இருபது வருசம் சத்தம் காட்டாமல் உள்ளே குடியிருந்து, கல்லீரலைத் தின்று தின்று, ஒருநாள் கால் ரெண்டும் பூசணிக்காயாய் வீங்கின பிறகுதான் நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிற்று. ரத்தம் கொடுத்தவனைத் திட்டலாம் என்றால் அந்த ரத்தம் இல்லாவிட்டால் இவரே இல்லை, இவர் இல்லாவிட்டால் மகள் தர்ஷிகா இல்லை. அவள் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து இந்நேரம் பக்கத்துப் பிள்ளையின் ரப்பரைக் கடித்துக்கொண்டிருப்பாள். பஸ் டிரைவரைத் திட்டலாம், அவன் அன்றைக்கே செத்துப்போனான். செத்தவனை எத்தனை நாளைக்குத் திட்டுவது. கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டும். உயிரோடு, கைக்கெட்டுகிற தூரத்தில், நம்மைத் திருப்பித் திட்ட முடியாத ஒரு ஆள். போன மாசம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினாளே ஒருத்தி, அவள் மாதிரி. மாவு அரைத்துக்கொண்டிருந்த நேரம், கிரைண்டரை நிறுத்திவிட்டு எடுத்தால், “சொரிமுத்துங்கறவர் நம்பரா? ஆள் இருக்காங்களா?” என்று கேட்டாள். இருக்காங்களா என்றால் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்கிறாளாக்கும் என்று நினைத்து, “வேலைக்குப் போயிருக்காவ,” என்றாள் இவள். “ஓ, வேலைக்குப் போறாரா? அப்ப உயிரோடதான் இருக்காரு,” என்று அந்தப் பக்கம் யாரிடமோ சொல்லி, எதையோ டிக் அடித்த மாதிரி ஒரு சின்ன இடைவெளி விட்டு, “ரெண்டு வருசமா ஸ்கேனுக்கு வரலியேம்மா,” என்றாள். மாவுக் கையோடு போனைப் பிடித்தபடி மாரிச்செல்வி நின்றாள். எரிந்து விழத்தான் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும், அந்தப் பக்கம் மட்டும் போகாதே மனசே என்று வேறு பக்கம் திருப்பினாள், மனசு என்ன கட்டிப்போட்ட கன்றுக்குட்டியா, திருப்பின பக்கம் போக.

போன வாரம் வந்தபோது புது டாக்டரம்மா. சின்ன வயசு, கண்ணாடி, கழுத்தில் மெல்லிசாய் ஒரு செயின், பேச்சு மட்டும் வெட்டு வெட்டு என்று. விலா எலும்புக்கு நடுவே ஒரு குழாயை வைத்து டக், டக் என்று பத்துத் தடவை தட்டினார்கள். “தேங்கா முத்திருச்சான்னு பாக்காங்கட்டி,” என்றார் சொரிமுத்து, படுத்தபடியே, தனக்குத் தெரிந்த தொழிலைப் பார்த்த சந்தோசத்தில். தேங்காய் முற்றித்தான் போயிருந்தது. கல்லீரலின் இறுக்கம் முன்னால் இருபத்துநாலு, இப்போது பதினேழு. குறைந்திருக்கிறதே, நல்லதுதானே? நல்லதுதான், ஆனால் பதினேழும் இறுக்கம்தான், என்றாள் டாக்டரம்மா. ரத்தத்தில் தட்டணு எவ்வளவு, புரதச்சத்து எவ்வளவு, வயசு என்ன, சர்க்கரை உண்டா என்று ஒவ்வொன்றாய்க் கம்ப்யூட்டரில் தட்டினாள். தட்டி முடித்து, திரையை இவர்கள் பக்கம் திருப்பாமல், “கிருமி போயிடுச்சு. ஆனா அது போட்டுட்டுப் போன தழும்பு போகல. இவர மாதிரி நூறு பேர எடுத்துக்கிட்டா, அஞ்சு வருசத்துல ஒரு பத்துப் பேருக்கு அந்தத் தழும்புக்குள்ள கட்டி வரலாம்,” என்றாள். கட்டி என்றுதான் சொன்னாள். அதற்கு இன்னொரு பேர் இருப்பது தெரியாத ஆள் யாரும் அந்த அறையில் இல்லை. சொரிமுத்துதான் பேசினார். “மேடம், நூறு இலைக்குச் சமைச்சா பத்து இலை கூடும் கொறையும்னு எங்களுக்கும் தெரியும். எந்த எலையில சாப்பாடு பத்தாமப் போகும்னு பந்தி போட்டாத்தான தெரியும். நான் அந்தப் பத்துல இருக்கனா, தொண்ணூறுல இருக்கனா, அதச் சொல்லுங்க.” டாக்டரம்மா முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றினாள். “அது எனக்குத் தெரியாதுண்ணே. உங்களுக்கும் தெரியாது. அதுக்குத்தான் ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன். சின்னதா இருக்கும்போதே பாத்துட்டா எடுத்துடலாம். ரெண்டு வருசம் பாக்காம விட்டா…” என்று நிறுத்தி, “இத அப்பவே சொல்லியிருப்பாங்களே,” என்றாள். “யாரும் சொல்லல மேடம். சத்தியமாச் சொல்லல. சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டனா? சரியாப்போச்சுன்னுதான் சொல்லி விட்டானுவ,” என்றார் சொரிமுத்து. டாக்டரம்மா அவரைப் பார்க்கவில்லை. மாரிச்செல்வியைப் பார்த்தாள். மாரிச்செல்வி சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறைப் படத்தைப் பார்த்தாள், ஒன்று, உள்ளங்கையைத் தேய்க்கவும், இரண்டு, புறங்கையைத் தேய்க்கவும், மூன்று, விரலிடுக்கு.

“முப்பத்தாறு! சொரிமுத்து! சட்டையக் கழட்டிட்டு வாங்க.” அவர் எழுந்தார். சட்டையைக் கழற்றி இவள் மடியில் போட்டார், கொத்தமல்லியும் எண்ணெயும் வியர்வையும் கலந்த சட்டை, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாசனை. “பசியில மயங்கி விழுந்துட்டேன்னா உள்ள ஓடி வா,” என்று சிரித்துக்கொண்டே போனார். கதவு சாத்திக்கொண்டது. அப்படியே அந்தச் சட்டையைத் தூக்கிச் சாத்தின கதவு மேல் எறிய வேண்டும்போல இருந்தது அவளுக்கு. எதற்குச் சிரிக்கிறார். என்ன சிரிப்பு. ரெண்டு வருசமும் இப்படித்தான் சிரித்தார், குணமாயிட்டேன் குணமாயிட்டேன் என்று ஊர் முழுக்க, தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரிடமும், பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டே சொல்லியிருக்கிறார், குடித்தவர்களுக்குப் பாயசத்தோடு அதுவும் இறங்கியிருக்கும். இவள் மட்டும் சிரிக்காமலா இருந்தாள்? அம்மன் கோயில் கொடைவிழாவுக்கு உருவாரத் தகடு வாங்கப் போன அன்று எப்படிச் சிரித்தாள். முதல் மாத்திரை போட்ட அன்றைக்கே, கிருமி போனால் உருவாரம் சாத்துகிறேன் தாயே என்று நேர்ந்துகொண்டது இவள்தான். கோயில் வாசலில் தகரத் தகடுகளைப் பரத்திப்போட்டு விற்கிறவரிடம் போய், கண் இருக்கிறது, கை இருக்கிறது, கால் இருக்கிறது, தொட்டில் இருக்கிறது, “அண்ணாச்சி, கல்லீரல் இருக்கா?” என்று கேட்டாள். “ஆட்டுக் கல்லீரலா தாயி? அது தெருமுக்குல கறிக்கடையில,” என்றார் அவர். “மனுசக் கல்லீரல் அண்ணாச்சி.” “முப்பது வருசமா கடை போடுதேன், அதக் கேட்டு வந்த மொத ஆளு நீதான்.” தலையைச் சொறிந்து, ஒரு முழு ஆள் உருவத்தை எடுத்துக் கொடுத்தார். “மொத்த ஆளையும் குடுத்திரு. உள்ள கெடக்க சாமான் பூராவும் இதுலயே சேத்தி.” இவளும் சிரித்தாள், சொரிமுத்தும் சிரித்தார், மாமியார் சீனியம்மாள் கூடச் சிரித்தது, சிரிக்கவே தெரியாத பொம்பளை. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அவ்வளவு லேசாகவா இருந்தது மனசு. கையில் பூசக் கொடுத்த திருநீறு மாதிரி, ஊதினால் பறக்கிற மாதிரி.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். உருவாரம் சாத்திவிட்டால் அந்த நோயின் பேரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது. அந்த நோய்க்குச் சம்பந்தப்பட்ட சாமான் ஒன்றுகூட வாசலுக்குள்ளே இருக்கக்கூடாது. எடுத்தால் சாமி செய்ததைச் சந்தேகப்பட்ட மாதிரி, போனது பேரைக் கேட்டுத் திரும்பி வந்துவிடும். மாத்திரை டப்பா, மாத்திரை அட்டை, ரத்தம் எடுத்த சீட்டு, எல்லாவற்றையும் பழைய மஞ்சள் துணியில் கட்டி ஆற்றில் விடச் சொன்னது மாமியார். ஆஸ்பத்திரி நோட்டையும்தான். விட்டது யார்? கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, மூட்டை மிதந்துவிடக் கூடாதே என்று உள்ளே ஒரு கல்லையும் வைத்துக் கட்டி, முங்கி எழுந்து வந்தது யார்? அந்த நோட்டில் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு தேதி எழுதியிருந்தது. அடுத்த ஸ்கேன். அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் கட்டினாள். போன வாரம் சீட்டு எழுதுகிற இடத்தில், “நோட்டு எங்கம்மா?” என்று கேட்டபோது, “தண்ணியில போச்சு,” என்றாள். “மழையிலயா?” “ஆமா.” ஆறு மாசம் ஆனபோது ஒருநாள் துணிந்து, சும்மா ஒரு எட்டுப் போய் ஸ்கேன் பார்த்துவிட்டு வந்தால் என்ன அத்தை என்று மெல்ல எடுத்துப் பார்த்தாள். “எதுக்கு? குடுத்தத சாமிட்ட இருந்து திருப்பி வாங்கப் போறியா? நல்லா இருக்கவனத் தோண்டித் தோண்டிப் பாத்தா என்ன கெடைக்கும்? ஒன் நாக்குல சனி,” என்றது மாமியார். சொரிமுத்தும், “விடுட்டி, எனக்கென்ன கொறச்சல், பாரு, அண்டாவத் தூக்குதேன்,” என்று காலிப் பித்தளை அண்டாவைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். அத்தையைத் திட்டலாம். நாலு நாளாக மனசுக்குள் அத்தையைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள், புதுசு புதுசாய், பாத்திரம் தேய்க்கும்போது ஒரு தினுசு, துணி பிழியும்போது ஒரு தினுசு. இந்தப் பொம்பளை மட்டும் குறுக்கே விழாமல் இருந்திருந்தால். இந்த மனுசன் மட்டும் அண்டாவைத் தூக்காமல் இருந்திருந்தால். திட்டித் திட்டி அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் நூல் முடிச்சு விழுந்த மாதிரி நின்றுவிடுகிறது. அத்தைக்கு என்ன தெரியும். அத்தையிடம் யார் என்ன சொன்னார்கள்.

முப்பத்தேழு கூப்பிடவில்லை. ஏன் இன்னும் கூப்பிடவில்லை? இதற்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் ஐந்து நிமிசம், ஆறு நிமிசம், ஜெல்லைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார்கள். எதிர்ப் பெஞ்சுப் பெரியம்மாவின் மருமகள்கூடப் போனாள், வந்தாள். அந்தச் சுவர்க் கடிகாரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை, ஓடினால் பன்னிரண்டு நிமிசம், நின்றிருந்தால் அதற்கும் மேலே. உள்ளே இன்னொரு டாக்டர் வேகமாய்ப் போனார். போனவர் கதவைச் சாத்தினார். எதற்கு ரெண்டு டாக்டர்? ஒருத்தர் கண்ணுக்குத் தெரியாததை இன்னொருத்தரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்களா, இல்லை தெரிந்ததையா? “மூச்ச இழுங்க, பிடிங்க, பிடிங்க, விடுங்க,” என்று உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. மாரிச்செல்வி இழுத்தாள், பிடித்தாள். விடுங்க என்று சொன்ன பிறகும் விடவில்லை. மடியில் கிடந்த சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பையில் ஒரு சீட்டு, ரெண்டு சாவி, பெருங்காயக் கட்டி ஒன்று காகிதத்தில் சுற்றி. பெருங்காயம். ஆஸ்பத்திரிக்கு வருகிறபோதும் பெருங்காயத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிற மனுசனுக்குக் கட்டி வருமா? அப்படி ஏதாவது கணக்கில் உண்டா? தட்டணு, புரதம், வயசு என்று தட்டினாளே, பெருங்காயம் என்று தட்ட ஒரு கட்டம் இருந்ததா? நூறு பேர். மாரிச்செல்வி அந்த நூறு பேரையும் பந்தியில் உட்கார வைத்துப் பார்த்தாள். வரிசையாய் இலை போட்டு, எல்லாரும் இவர் மாதிரியே, பாதி நரைத்த மீசை, வலது தொடையில் தழும்பு, எல்லாரும் சிரிக்கிறார்கள். பத்துப் பேர் முன்னால் மட்டும் இலை இல்லை. எந்தப் பத்து என்று பார்க்க அவள் வரிசை நெடுக நடக்கிறாள், ஒவ்வொரு முகமாய்ப் பார்த்துக்கொண்டு போகிறாள், இலை இல்லாதவன் முகத்தைக் குனிந்து பார்க்கப்போனால் அவன் நிமிர்ந்து, “ஏட்டி மாரி, அன்னைக்கு டாக்டர் வேற என்ன சொன்னாரு?” என்று கேட்கிறான்.

அன்றைக்கு. சரி, அன்றைக்கு. வா, போவோம், எத்தனை நேரம்தான் சுற்றுவாய். அன்றைக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வாங்க இவள் மட்டும்தான் வந்தாள். அவருக்கு எண்ணூறு இலைக் கல்யாணம், வர முடியவில்லை. வயசான டாக்டர், இப்போது ரிட்டயர் ஆகிப் போய்விட்டார், காகிதத்தைப் பார்த்துச் சிரித்து, “கிருமி இல்லம்மா, சுத்தமாப் போயிடுச்சு,” என்றார். இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் காத்திருந்தார், தண்ணீர் குடிக்கச் சொன்னார், அப்புறம் நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல், மேஜையில் விரலால் கல்லீரல் மாதிரி ஒரு வட்டம் போட்டுக் காட்டி, “இப்பத்தான் முக்கியமான விசயம். கிருமி போனாலும் கல்லீரல்ல தழும்புச் சுருக்கம் இருக்கு. கட்டி வரலாம். சாகிற வரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன், விடவே கூடாது, இத அவர்கிட்டச் சொல்லணும், சொல்வியா?” என்று கேட்டார். சொல்வேன் என்று தலையை ஆட்டினாள். வேகமாய்ப் பேசினார் என்று சொல்ல முடியாது. இங்கிலீசில் பேசினார் என்று சொல்ல முடியாது. சொல்வியா என்று கேட்கக்கூடச் செய்தார். வெளியே வந்து போன் பண்ணினாள். அந்தப் பக்கம் எண்ணெய் கொதிக்கிற சத்தம், கரண்டி மோதுகிற சத்தம். “போயிருச்சுங்க, கிருமி போயிருச்சு,” என்றாள். உடனே ஒரு கூப்பாடு, “ஏலே, எனக்குச் சரியாப்போச்சுலே!” என்று அவர் கத்த, சமையல் கூட்டம் பூராவும் சேர்ந்து கத்த, யாரோ அண்டாவில் கரண்டியால் தாளம் போட, அந்தச் சத்தத்துக்குள் கட்டி என்ற ஒரு சொல்லை எப்படிக் கொண்டுபோய்ப் போடுவது. வீட்டுக்கு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். ராத்திரி அவர் ரெண்டு கிலோ அல்வாவோடு வந்தார், தர்ஷிகாவைத் தோளில் தூக்கி வைத்து ஆடினார், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். மறுநாள் மாமியார் கொடைக்கு நாள் பார்த்தது. கொடை முடியட்டும். கொடை முடிந்தது, பேரை எடுக்கக்கூடாது. ஒரு நாள் தள்ளினது ஒரு வாரம் ஆகி, ஒரு வாரம் தள்ளினது நாலு ஸ்கேன் ஆகிவிட்டது. பயந்தாள் என்று சொன்னால்கூட ஒரு மரியாதை இருக்கும். பயம்கூட இல்லை. சந்தோசமாக இருந்தாள். மூணு வருசம் மூஞ்சி செத்துக்கிடந்த வீட்டில் முதல்முதலாய்ச் சிரிப்புச் சத்தம் கேட்டது, அதைக் கெடுக்க மனசு வரவில்லை. கொள்ளை போகட்டும் அந்தச் சந்தோசம். ஒரு மனுசனின் உயிர் சமாசாரத்தில் பாதியை எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டு, மீதிப் பாதியில் அல்வா தின்ற சந்தோசம். போன வாரம் அவர் சத்தியம் பண்ணினாரே, யாரும் சொல்லல என்று, பஸ்ஸில் திரும்பும்போது வழி நெடுக அந்த வயசான டாக்டரை என்னமாய்த் திட்டினார், “வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தான், ஒரு வார்த்த சொன்னா என்ன,” என்று. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தாளே, ஆமா என்றுகூட ஒரு தடவை சொன்னாளே, அந்த ஆமாவை நினைத்தால் தன் வாயிலேயே ஒன்று போடத் தோன்றியது. போடு. யாரும் பார்க்கவில்லை, பெரியம்மாகூடப் போய்விட்டது. நாளைக்குக் கட்டி என்று வந்தால் என்ன சொல்வாள்? டாக்டர் சொன்னது எனக்கு விளங்கவில்லை என்று சொல்லலாம். பத்தாம் வகுப்புப் படித்தவள், பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறவள், ஆனாலும் நம்புவார். எது சொன்னாலும் நம்புவார். அதுதான் தாங்கவில்லை. திட்டுகிற புருசனாக இருந்தால் பொய் சொல்லித் தப்பிக்கலாம், பொய்க்கு ஒரு நியாயமாவது இருக்கும். இந்த மனுசன் பொய்யைக் கேட்டுவிட்டு, “விடுட்டி, நீ என்ன பண்ணுவ,” என்று சொல்லி அவள் தலையைத் தடவுவார். தடவின கை கொத்தமல்லி மணக்கும்.

கதவு திறந்தது. வந்தது அவர் இல்லை. முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்கி விட்டிருந்த ஒரு டாக்டர், கையில் பாதி எழுதின காகிதம். “சொரிமுத்து கூட வந்தது யாரு?” “நான்தான் சார்.” “நீங்க என்ன வேணும் அவருக்கு?” “வீட்டுக்காரி.” டாக்டர் நடையின் இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “கொஞ்சம் இப்படித் தனியா வாங்கம்மா. அவர் உள்ள டிரஸ் மாத்திட்டு இருக்கட்டும். உங்ககிட்ட முதல்ல சொல்றேன், நீங்க பக்குவமா அவருக்கு எடுத்துச் சொல்லிடலாம்.” டாக்டர் முகத்தில் கெட்டது இருந்ததா, நல்லது இருந்ததா, ஒன்றும் தெரியவில்லை, அது பழகின முகம், நாளைக்கு நாற்பது பேருக்கு வைத்திருக்கிற முகம். மாரிச்செல்விக்குக் கால் அதுவாகவே ஒரு அடி எடுத்து வைத்தது, தனியாக, அவர் காட்டின மூலைக்கு. பக்குவமாக. எத்தனை நல்ல மனுசர். எத்தனை நல்ல மனுசர்கள் இந்த உலகத்தில், எல்லாரும் கொண்டுவந்து அவள் கையிலேயே கொடுக்கிறார்கள். அதுவரைக்கும் பெஞ்சிலும் ஃபேனிலும் அத்தையிலும் அலைந்துகொண்டிருந்த கோபம் மொத்தமும் கடைசியில் அவள் மேலேயே வந்து நின்றது. இரண்டாவது அடியை அவள் வைக்கவில்லை. திறந்த கதவு வழியாகத் தெரிந்தது, திரைக்குப் பக்கத்தில் வெறும் உடம்போடு சொரிமுத்து, ஒரு துண்டுக் காகிதத்தால் வயிற்றில் ஒட்டின ஜெல்லை வழித்துக்கொண்டு, சட்டை எங்கே என்று சுற்றுமுற்றும் தேடிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சட்டையைக் கொண்டா என்று கையைக் காட்டினார். அவருக்கும் கேட்கிற சத்தத்தில் மாரிச்செல்வி பேசினாள்.

“சார், என்னத் தனியாக் கூப்புடாதீங்க. அவுகள உக்கார வச்சு, நல்லதோ கெட்டதோ, ஒரு சொல்லு விடாம அவுக காதுலயே சொல்லுங்க. போன தடவ எங்கிட்ட முழுசாத்தான் சொல்லி விட்டாவ சார், பாதியத்தான் நான் அவுககிட்டக் கொண்டு சேத்தேன்.”